விசா அவர் கையில் இல்லை: ஆஸ்திரேலியத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலியாவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், கோயில் நிர்வாகக் குழுக்கள், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியும். பொங்கல் விழாக்களில் உங்களோடு பந்தி பரிமாறியிருக்கிறேன். சனிக்கிழமை வகுப்புகளில் உங்கள் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவள் கணவரை எனக்கு முன்பே தெரியும். கல்யாணத்துக்கு ஊருக்கே போய் வந்தேன். கணவன் மனைவிக்கான பார்ட்னர் விசாவுக்கு விண்ணப்பித்தபோது 888 படிவம் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அது என்ன என்று உங்களுக்குத் தெரியும், நம்மில் எழுதாதவர்கள் குறைவு. 'இவர்கள் இருவரையும் எனக்குத் தெரியும், இவர்கள் உறவு உண்மையானது' என்று வெளியாள் ஒருவர் கொடுக்கும் சாட்சி. அவள் 309 என்ற தற்காலிக விசாவில் வந்து சேர்ந்தாள். விண்ணப்பம் போட்டு இரண்டு வருடம் ஆனபின் அடுத்த கட்டமாக 100 என்ற நிரந்தர விசா வரவேண்டும்.

வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. கோயில் அன்னதானத்தில் தட்டை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் போன் அடித்தது. "கோயில்லதாங்க இருக்கேன்" என்றாள். வைத்துவிட்டு, தட்டும் பின்னால் இருந்த தூணும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள். ரசம் சாதம் வருவதற்குள் இன்னொரு போன், இன்னொரு போட்டோ. புதுசாகக் கல்யாணமானவர்கள், பாசம் என்று நினைத்துக்கொண்டேன். கைகழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, பார்ட்னர் விசாவைக் கேன்சல் பண்ண எத்தனை நாளாகும்?"

யாருக்கும்மா என்றேன். "சும்மா கேட்டேன்க்கா" என்று போய்விட்டாள்.

அந்தக் கேள்விக்கு எனக்கு அன்று பதில் தெரியாது. தெரிந்திருந்தால் அவளுக்கு எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும். அந்த எட்டு மாதத்தில் என்னென்ன நடந்தது என்பதை எழுதும் உரிமை எனக்கில்லை. அவள் இன்னும் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்குவதில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"நாளைக்கே இமிகிரேஷனுக்கு ஒரு மெயில் போட்டாப் போதும், அடுத்த பிளைட்ல நீ ஊர்ல இருப்பே." அவள் வீட்டில் இதுதான் தினப்படிப் பேச்சு. இதே வார்த்தைகளை அதற்குப் பிறகு இன்னும் மூன்று பெண்களிடமிருந்து கேட்டுவிட்டேன். வெவ்வேறு ஊர்க்காரர்கள், வெவ்வேறு படிப்பு, வெவ்வேறு வீடுகள். மிரட்டல் மட்டும் ஒன்றே.

இந்த மிரட்டல் பொய். கணவரால் விசாவைக் கேன்சல் செய்ய முடியாது. விசா கொடுப்பதும் எடுப்பதும் உள்துறையின் அதிகாரம். ஸ்பான்சர் செய்தவர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற கணவரோ மனைவியோ, அதிகபட்சம் தன் ஸ்பான்சர்ஷிப்பை வாபஸ் வாங்கலாம், உறவு முடிந்துவிட்டது என்று எழுதிப் போடலாம். அப்படி எழுதினாலும் உள்துறை விண்ணப்பதாரரிடம் விளக்கம் கேட்டு, பதில் சொல்ல அவகாசம் தரும். 1994ஆம் ஆண்டின் குடிவரவு விதிமுறைகளில் குடும்ப வன்முறைக்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது. உறவு உண்மையானது, அது இருந்த காலத்தில் ஸ்பான்சர் செய்தவர் வன்முறை செய்தார், உறவு முடிந்துவிட்டது என்று காட்ட முடிந்தால், கணவரோ மனைவியோ பக்கத்தில் இல்லாமலே நிரந்தர விசா பெற வழி இருக்கிறது. 309இல் வந்தவர்களுக்கும் உண்டு, இங்கேயே 820க்கு விண்ணப்பித்தவர்களுக்கும் உண்டு. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கான 300 விசாவில் வந்தவர்களுக்கு, ஸ்பான்சர் செய்தவரையே திருமணம் செய்திருந்தால் உண்டு. பாதிக்கப்பட்டவர் ஆணாக இருந்தாலும் இதே விதிதான்.

அடி விழுந்தால்தான் வன்முறை என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ பேர் வாயைத் திறப்பதில்லை. குடிவரவு விதி பார்ப்பது, தன் பாதுகாப்பைப் பற்றியோ நலனைப் பற்றியோ ஒருவர் நியாயமாகவே பயப்படும் அளவுக்கு மற்றவர் நடந்துகொண்டாரா என்பதை. 1975ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம் உதாரணங்களையே அடுக்குகிறது: திரும்பத் திரும்ப இழிவாகப் பேசுவது, செலவுக்குப் பணம் தராமல் தவிக்கவிடுவது, தன் பணத்தைத் தானே செலவழிக்க விடாமல் தடுப்பது, குடும்பத்தோடும் நண்பர்களோடும் தன் பண்பாட்டோடும் தொடர்பு வைத்துக்கொள்ள விடாமல் அடைப்பது. விக்டோரியா மாநிலச் சட்டத்தில் வரதட்சணைக் கொடுமையும் 2019 முதல் குடும்ப வன்முறைக்கான உதாரணமாகப் பெயர் சொல்லியே இருக்கிறது. அதே வருடம் பிப்ரவரியில் செனட் குழு ஒன்று ஆஸ்திரேலியாவில் வரதட்சணைக் கொடுமை பற்றித் தனி அறிக்கையே கொடுத்தது. நியூ சவுத் வேல்ஸில் துணையைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி ஒடுக்குவது 2024 ஜூலை 1 முதல் ஏழு ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். தட்டையும் தூணையும் சேர்த்து அவள் எடுத்து அனுப்பிய போட்டோவை இன்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. என் கண்ணெதிரே நடந்தது.

சரி, சட்டம் இருக்கிறது. சங்கத்துக்கும் கோயிலுக்கும் இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சான்றுதான் பெரிய மலை. நீதிமன்ற உத்தரவோ தண்டனையோ இருந்தால் பாதை நேரானது. இல்லாவிட்டால் அவள் சட்டபூர்வமான வாக்குமூலம் எழுதிக்கொடுத்து, அதற்கு ஆதாரமாக ஜிபி என்கிற குடும்ப மருத்துவர், போலீஸ், சமூகப் பணியாளர், உளவியலாளர், பெண்கள் காப்பகம் போன்ற இடங்களிலிருந்து ஆவணங்கள் தரவேண்டும். உள்துறைக்குத் திருப்தி இல்லையென்றால் சுயேச்சையான நிபுணர் ஒருவரின் கருத்துக்கு அனுப்புவார்கள். இந்தப் பக்கத்தை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றையும் காட்ட வேண்டும்: உறவு உண்மையானது என்பதை. கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தத்தில் பெயர், மின்சாரக் கட்டணம், சேர்ந்து போன இடங்கள். அவளை வீட்டுக்குள் பூட்டி வைத்த மனிதர் எந்தக் கட்டணத்தில் அவள் பெயரைப் போட்டிருப்பார்? அவளுக்கு ஏடிஎம் கார்டே கிடையாது. விசா விண்ணப்பத்தின் இணையக் கணக்கும் அவர் மின்னஞ்சலில்தான் இருந்தது. உள்துறை அவளுக்கு எழுதிய கடிதங்கள் அவருடைய போனுக்குத்தான் போயின. முதல் வேலையாகத் தனி மின்னஞ்சல் திறந்து, இனி எல்லாவற்றையும் இதற்கே அனுப்புங்கள் என்று உள்துறைக்குத் தெரிவிக்கச் சொன்னார் வழக்கறிஞர். விசா உயிரோடுதான் இருக்கிறது என்பதை வீவோ என்ற அரசின் இணையச் சேவையில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு அவளே பார்த்தாள். நூலகத்துக் கம்ப்யூட்டரில், என் பக்கத்தில் உட்கார்ந்து. திரையில் அவள் பெயர் வந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம்தான் அந்த 888. உறவு உண்மை என்று சொல்ல ஆள் வேண்டும். கல்யாணத்துக்கு வந்தவர்கள், கிரகப்பிரவேசத்தில் அவள் கையால் பாயசம் வாங்கிக் குடித்தவர்கள், விசாவுக்கென்று முதலில் எழுதிக் கொடுத்தவர்கள் என்று ஏழெட்டுப் பேரிடம் போனோம். "நமக்கெதுக்கும்மா குடும்ப விஷயம்" என்றார்கள். "அவரும் நமக்கு வேண்டியவர்" என்றார்கள். எழுதித் தந்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்களிடம் யாரையும் குற்றம் சாட்டச் சொல்லவில்லை. அவர் அடித்தார் என்று எழுதச் சொல்லவில்லை, அதை மருத்துவர் எழுதுவார். 'இவர்கள் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள், நான் பார்த்தேன்' என்ற அதே வாக்கியம்தான். இரண்டு பேரும் சேர்ந்து கேட்டபோது உண்மையாக இருந்தது, அவள் தனியாகக் கேட்கும்போது எப்படிப் பொய்யாகும்? நேற்று நாம் கொடுத்த சாட்சியை இன்று நாமே பின்வாங்கினால், அவர் சொன்ன மிரட்டலை நாமே நிறைவேற்றிக் கொடுக்கிறோம்.

இன்னொரு இடமும் உண்டு. என்னிடம் வருவதற்கு முன் அவள் ஒரு அமைப்பின் பொறுப்பாளரிடம் போயிருந்தாள். நல்லவர்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "பெர்மனன்ட் விசா வர்ற வரைக்கும் பொறுத்துக்கோம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்று சாயங்காலமே அவள் கணவருக்குப் போன் போட்டு, "தம்பி, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றும் சொல்லியிருக்கிறார். சமாதானம் செய்து வைத்ததாக அவருக்கு நினைப்பு. அன்று ராத்திரிதான் அவள் பாஸ்போர்ட் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. எட்டு மாதம் என்று சொன்னேனே, அது அந்த ராத்திரியிலிருந்துதான் தொடங்குகிறது.

ஊரில் பஞ்சாயத்துப் பேசிப் பழகியவர்கள் நாம். இரண்டு குடும்பத்துப் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசினால் தீராததில்லை என்று நம்புகிறோம். சம பலமுள்ள இரண்டு பேருக்கு நடுவே அது சரியாக இருக்கலாம். வீட்டுச் சாவியும் பணமும் பாஸ்போர்ட்டும் ஒருவர் கையில், இன்னொருவர் கையில் எதுவுமே இல்லை என்றால், பேச்சுவார்த்தை முடிந்து அவள் திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தான். அவள் உங்களிடம் வந்தாள் என்பதே அங்கே குற்றம்.

பஞ்சாயத்தில் நாம் செய்யும் இன்னொரு தவறை வழக்கறிஞர் சொல்லித்தான் நானே புரிந்துகொண்டேன். கதையைச் சுருக்கி "மாமியார் மருமகள் சண்டை" என்று பெயர் வைத்துவிடுகிறோம். காதுக்குப் பழகிய பெயர், யாருக்கும் உறுத்தாது. ஆனால் பார்ட்னர் விசாவுக்கான விதி கேட்பது, ஸ்பான்சர் செய்தவர் என்ன செய்தார் என்பதை. மாமியார் திட்டியபோது கணவர் கதவைச் சாத்தினார், சம்பளத்தை அவர்தான் பிடுங்கிக்கொண்டார், போனை அவர்தான் உடைத்தார் என்பதெல்லாம் அந்த ஒரு பெயருக்குள் மறைந்து போகிறது. மனம் விட்டு முதலில் பேசும்போது அவளே அப்படித்தான் ஆரம்பிப்பாள், ஏனென்றால் கணவரைக் குறை சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம். கேட்கிறவர் அங்கேயே முடித்துவிடாமல் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

கேட்டபின் விசா ஆலோசனை சொல்லும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். என் மச்சான் கேஸில் இப்படித்தான் நடந்தது என்று ஆரம்பிப்போம். பதிவு பெற்ற குடிவரவு முகவரோ வழக்கறிஞரோ அல்லாதவர் விசா உதவியில் இறங்குவது இந்த நாட்டில் சட்டத்தை மீறுவதாகலாம். அதைவிட முக்கியம், தவறான வரிசையில் செய்தால் அவளுக்குப் பாதகம். உறவு முடிந்ததை உள்துறைக்குச் சொல்வதற்கு முன்பே ஆலோசனை எடுத்திருக்க வேண்டும். சிட்னியில் குடிவரவு ஆலோசனை மற்றும் உரிமை மையம், மெல்பர்னில் இன்டச், ஒவ்வொரு மாநிலத்திலும் பெண்கள் சட்ட உதவி மையங்கள், சட்ட உதவி ஆணையங்கள் என்று இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், இலவசமாக. 1800 ரெஸ்பெக்ட் என்ற தேசிய உதவி எண் 1800 737 732, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். ஆங்கிலம் வராதென்றால் 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், எப்படிப் பேசுவது என்று அவள் பயந்தாள். வேறு மாநிலத்தில் இருக்கும் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டோம். கிடைத்தார். அவளுக்கு அன்றைக்குத்தான் முழு வாக்கியமாகப் பேச வந்தது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியே வந்தால் சோத்துக்கு என்ன வழி என்ற கேள்விதான் பலரைத் திரும்ப அனுப்புகிறது. 309, 820 விசாவில் இருப்பவர்களுக்கு, நிலைமை தலைகீழாக மாறியிருந்தால், சென்டர்லிங்க் என்ற அரசு உதவித்தொகை அலுவலகத்தின் சிறப்பு உதவித்தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு. புதிதாக வந்தவர்களுக்கான காத்திருப்புக் காலம் முடியவில்லையே என்று கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேட்க வேண்டும், சமூகப் பணியாளரிடம் பேச வேண்டும் என்று சொல்லி வாசல்வரை கூடப் போக ஓர் ஆள் வேண்டும்.

'வா, ஊருக்குப் போய் எல்லாரையும் பார்த்துட்டு வரலாம்' என்று கூட்டிப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு விட்டுவிட்டு வருவதும் நம்மவர்களிடையே நடக்கிறது. மிரட்டியோ ஏமாற்றியோ ஒருவரை இந்த நாட்டை விட்டு வெளியேற்றுவது கூட்டாட்சிச் சட்டப்படி ஆட்கடத்தல் வகைக் குற்றம். விமான நிலையத்தில் சீருடையில் நிற்கும் அதிகாரி ஒருவரிடம் 'எனக்குப் போக விருப்பமில்லை' என்று சொன்னால் கேட்பார்கள். இது தெரியாமல் ஏறிய பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும்.

2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 95 ஆயிரத்துக்கும் மேல். இத்தனை பேரிடமும் தமிழில் நேரடியாகப் பேசும் வசதி அரசுக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. வீட்டை விட்டுத் தனியாக அனுப்பப்படாத பெண்ணையும் கோயிலுக்கு அனுப்புவார்கள். ஆண்டு விழாவுக்குக் கூட்டி வருவார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் காதில் விழும்படி சொல்லக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான்.

ஆகவே மேடையில் சொல்லுங்கள். தனிக் கருத்தரங்கம் வைக்க வேண்டாம், குடும்ப வன்முறை என்று பலகை போட்ட அறைக்கு அவளால் வர முடியாது. பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் அறிவிப்புகளோடு அறிவிப்பாக வரட்டும். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் உதவி எண்களைத் தமிழில் ஒட்டுங்கள். அவள் தனியாக இருக்கும் ஒரே இடம் அது. யாராவது உங்களிடம் வந்து சொன்னால் கணவரைக் கூப்பிடாதீர்கள், வீட்டுக்குப் போன் போடாதீர்கள், குழுவில் பேசாதீர்கள். எண்ணைக் கொடுங்கள், உங்கள் போனையே கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். இது உங்கள் உறுப்பினர்களுக்கு எழுத்திலேயே விதியாக இருக்கட்டும். முன்பு 888 எழுதியவர்களிடம் மறுபடி எழுதித் தருவது துரோகம் அல்ல என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நான் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

மாணவர் விசாவிலும் தற்காலிக வேலை விசாவிலும் துணையாக வந்தவர்களுக்கு பார்ட்னர் விசாக்காரர்களைப் போன்ற வழி இல்லை. அதற்கு அமைச்சருக்கு எல்லாச் சங்கங்களும் சேர்ந்து எழுத வேண்டும், அந்தக் கடிதத்தைத் தனியாகத் தயாரிப்போம். அவர்களுக்கும் போலீஸும் பாதுகாப்பு உத்தரவும் உதவி எண்ணும் இன்றே உண்டு.

அவளுக்கு நிரந்தர விசா வந்துவிட்டது. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள், கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கோயிலுக்கு மட்டும் வருவதில்லை. வீட்டிலேயே சின்னதாக ஒரு முருகன் படம் வைத்து விளக்கேற்றுகிறாள். போன விழாவில் அந்தக் கணவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவளுக்கும் அங்கே இடம் உண்டு என்று யாராவது போய்ச் சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், நிர்வாகத்திலிருந்து யாராவது சொன்னால்தான் நம்புவாள்.

மைக்கில் வாசிக்க வேண்டியதை எழுதியே வைத்திருக்கிறேன். உங்கள் அடுத்த விழாவில் இதை அப்படியே வாசியுங்கள்:

'கல்யாணமாகி பார்ட்னர் விசாவில் வந்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் விசாவை உங்கள் கணவரோ மனைவியோ கேன்சல் செய்ய முடியாது. அந்த அதிகாரம் உள்துறைக்கு மட்டும்தான். வீட்டில் அடி, மிரட்டல், பணம் தராமை, வெளியே விடாமை இருந்தால், உறவு முடிந்த பிறகும் விசா பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது. 1800 737 732. தமிழில் பேச 131 450. உடனடி ஆபத்து என்றால் 000. யாரிடமும் சொல்ல மாட்டார்கள் என்று நம்பிப் பேச எங்கள் குழுவிலும் ஆள் இருக்கிறார். ரசீது கவுன்ட்டரில் கேளுங்கள்.'

கடிகாரம் வைத்து வாசித்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்புடன்,
888 படிவத்தில் இரண்டு முறை கையெழுத்துப் போட்டவள்
சிட்னி